வசிட்ட மீனின் இரட்டை

நம் திருமணங்களில் அருந்ததி பார்த்தல் என்னும் சடங்கு உண்டு. அது பெரும்பாலும் பகற்பொழுதில் நிகழ்தலின் மணமக்கள் காண்பது வெறும் வானமே. சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிற் கண்ணகிக்கு உவமையாய் வந்த வடமீனும் இவ்வருந்ததியே. வடமீன் என்பதற்கு அருந்ததி என்று பொருள் எழுதும் மாணவருள் அம்மீனைக் கண்ணாற் கண்டவர் எத்துணையர்?

வைகாசி மாதத்து முன்னிரவில் வடக்கு நோக்கி நின்றால் எழுமீன் கூட்டம் தோன்றும். அதன் வாலிலுள்ள மூன்று மீன்களுள் நடுவண் நிற்பது வசிட்டன். அதனருகே மங்கித் தோன்றுவது அருந்ததி. மேனாட்டார் இவற்றை மிசார், அல்கோர் என்பர்.

வசிட்டன் தானும் இரு மீன்களே என்று 1617இல் இத்தாலியரான காஸ்ரெல்லி தொலைநோக்கியாற் கண்டார். அவ்விரண்டுள் ஒளி மிக்கது பின்னும் ஒன்றாகவே தோன்றிற்று. அதுவும் ஓர் இரட்டை என 1889இல் ஹார்வார்டு வானாய்வகத் தலைவர் பிக்கரிங் அறிவித்தார். தொலைநோக்கிக்கும் புலனாகாததை அவர் எங்ஙனம் அறிந்தார்?

புகையிரதம் நம்மை நோக்கி வருங்கால் அதன் ஊதொலி உயர்ந்தும், கடந்து செல்லுங்கால் தாழ்ந்தும் கேட்கும். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டென ஆஸ்திரியரான டொப்ளர் 1842இல் உரைத்தார். அவர் அக்கட்டுரை வரைந்ததும் இரட்டை மீன்களைப் பற்றியே. விண்மீனின் ஒளியை அரியத்தாற் பகுத்தால் வண்ணப் பட்டையும், அதனூடே கருங்கோடுகளும் தோன்றும். மீன் அகன்றால் அக்கோடுகள் செந்நிறப் பக்கமாகவும், அணுகினால் நீலப் பக்கமாகவும் சிறிது பெயரும். பெயர்ச்சியை அளந்தால் வேகம் புலப்படும்.

வசிட்டனின் ஒளிப்படங்களிற் கோடு சில நாள்களில் ஒன்றாயும் சில நாள்களில் இரண்டாயும் காணப்பட்டது. ஒரு மீன் அகலும்போது மற்றையது அணுகுதலாற் கோடு பிளந்தது. இரண்டும் நம் பார்வைக்குக் குறுக்கே செல்லும்போது மீண்டும் ஒன்றிற்று. அவை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 20.5 நாள் செல்லும்.

இதனாற் பெறும் பயன் யாது? தனித்து நிற்கும் மீனின் திணிவை நேரே அளத்தல் அரிது. இணைந்து சுழலும் மீன்களின் வேகம், சுற்றுக்காலம், பாதையின் சாய்வு ஆகியவற்றை அறிந்தால் இரண்டின் திணிவும் கணக்கில் வரும். விண்மீன்களின் திணிவுபற்றிய நம் அறிவுக்கு இத்தகைய இணைகளே அடிப்படை.

பிற்கால ஆராய்ச்சியில் வசிட்டனின் மற்றைய கூறும் இரட்டையெனத் தெளிந்தது. 2009இல் அருந்ததிக்கும் ஒரு சிறு துணை உண்டெனத் தெரிந்தது. ஆக, வெறுங்கண்ணுக்கு இரண்டாய்த் தோன்றுவன ஆறு மீன்கள்.

இதனால் அருந்ததிக்கு இழுக்கு நேருமெனச் சிலர் அஞ்சலாம். கற்பு நம் முன்னோர் அம்மீனுக்கு ஏற்றிய பொருள். ஆறு என்னும் தொகை ஒளியைப் பகுத்து அறிந்த செய்தி. இவற்றை ஒன்றோடொன்று மயங்காது கற்பித்தல் ஆசிரியர் கடன். சிலப்பதிகாரம் கற்பிக்கும் தமிழாசிரியர், பௌதிக ஆசிரியரையும் உடனழைத்து, ஓரிரவு மாணவரைப் பள்ளி முற்றத்தில் நிறுத்தி வடவானைக் காட்டுவாராக.