பாட்டியின் இடுப்பில் டைட்டானியம்!

தாம்பரத்தில் ஒரு பாட்டி குளியல் அறையில் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு மூட்டு முறிந்துவிட்டது.

அந்தக் காலமாக இருந்தால் படுத்த படுக்கைதான். இன்று டாக்டர்கள் உலோக மூட்டு வைக்கிறார்கள். சில நாட்களில் பாட்டி பேரன் கையைப் பிடித்து நடக்கிறார்!

தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டைப் பல மூட்டுகளில் டைட்டானியத்தால் செய்கிறார்கள். இது துருப் பிடிக்காது. எஃகு 8 கிலோ என்றால், அதே பருமன் உள்ள டைட்டானியம் நாலரை கிலோதான்.

எலும்புக்கும் இதைப் பிடிக்கும். 1952-ல் சுவீடன் நாட்டு டாக்டர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ச்சி செய்தார். பிறகு எடுக்கப் பார்த்தார். வரவில்லை! எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டது.

உராய்ந்தால் ஆபத்து

அப்படியானால் முழு மூட்டையும் இதிலேயே செய்யலாமே?

முடியாது. தண்டின் உச்சியில் உள்ள உருண்டை, கிண்ணத்தில் உராய்ந்துகொண்டே இருக்கும். மனிதன் ஒவ்வொரு காலாலும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அடி வைக்கிறான். டைட்டானியம் உராய்வைத் தாங்காது. கறுப்புத் தூள் உதிரும். நாளடைவில் சுற்றி உள்ள எலும்பு கரையும். மூட்டு ஆடும். தள்ளாத வயதில் மறுபடியும் ஆபரேசன்!

கிண்டியும் கல்பாக்கமும்

மேல்பகுதியை மட்டும் கெட்டியாக்கினால் என்ன?

கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தாரும், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தாரும் சேர்ந்து ஒரு வழியைச் சோதித்தார்கள். முடிவை 2002-ல் வெளியிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது, 100 கிராமுக்கு 6 கிராம் அலுமினியமும் 7 கிராம் நியோபியமும் கலந்த டைட்டானியம். காற்றில் இருக்கிறதே நைட்ரஜன், அதன் அணுக்களை மின்சார வேகத்தில் அதன் மீது பாய்ச்சினார்கள். அணுக்கள் உள்ளே புதைந்தன. இப்படிப் புதையும் நைட்ரஜன் டைட்டானியத்துடன் சேர்ந்தால் டைட்டானியம் நைட்ரைடு உண்டாகும். அது மிகவும் கெட்டி.

அவர்கள் முக்கியமாகப் பார்த்தது உப்பு நீர் அரிப்பை. நம் உடம்புக்குள் இருப்பதும் உப்பு நீர்தானே! அரிப்பைத் தாங்கும் சக்தி கூடியது.

ஆனால் இந்தக் கெட்டிப் படலம் தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. அது தேய்ந்துபோனால் பழைய கதைதான்.

உலையில் 700 முதல் 900 டிகிரி சூட்டில் நைட்ரஜன் ஏற்றினால் படலம் தடிக்கும். தங்க நிறமும் வரும். ஆனால் அந்தச் சூட்டில், திரும்பத் திரும்ப வளைவதைத் தாங்கும் வலு குறைந்துவிடலாம்.

அதனால்தான் இன்றும் தண்டு டைட்டானியமாக இருந்தாலும், உருண்டையைக் கோபால்ட்-குரோமியத்திலோ பீங்கானிலோ செய்கிறார்கள்.