யார் போட வேண்டிய கணக்கு?

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில், ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் முன்கூடத்தில் 1981 ஜூலை 17 அன்று மாலை நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளால் தொங்கவிடப்பட்டிருந்த இரண்டு நடைபாலங்கள், ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டத்தின் மீது விழுந்தன. 114 பேர் உயிரிழந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஹோட்டல் திறக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது.

நிலநடுக்கம் இல்லை; புயல் இல்லை. எஃகின் தரத்திலும் குறையில்லை. விபத்துக்குப் பின் எடுத்த படங்களில், தண்டுகள் அறுபடாமல், முனையில் நட்டுகளோடு கூரையிலிருந்து தொங்குகின்றன. பிறகு எதுதான் முறிந்தது? நான் பொறியாளன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆயினும், இந்த வினாவுக்கான விடை பள்ளி இயற்பியலுக்கு அப்பால் செல்வதில்லை என்பதால் எழுதத் துணிகிறேன்.

முதல் வரைபடத்தின்படி, நான்காம் தளத்துப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் தளத்துப் பாலமும் ஒரே நீண்ட தண்டுகளில் தொங்க வேண்டும். தண்டு மேல் பாலத்தின் உத்திரத்தை ஊடுருவிக் கீழே இறங்கும்; ஒவ்வோர் உத்திரமும் தன் அடியிலுள்ள நட்டின் மீது அமரும். ஆனால், மேல் பாலத்துக்கான நட்டைக் கீழ்முனையிலிருந்து திருகி ஏற்றிச் செல்ல, தண்டின் நீளத்துக்கும் மரை வெட்டியாக வேண்டும். ஏற்றி இறக்கும்போது மரை நசுங்கினால் வேலை கெடும். எனவே, எஃகு வேலையை ஏற்றிருந்த நிறுவனம் ஒரு மாற்றத்தை முன்வைத்தது: கூரையிலிருந்து மேல் பாலம் வரை ஒரு தண்டு, மேல் பாலத்தின் உத்திரத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை வேறொரு தண்டு.

கூரையைப் பொருத்தவரை எதுவும் மாறவில்லை. இரண்டு பாலங்களின் எடைதான் முன்பும், பின்பும். மாற்றம் எவர் கண்ணையும் உறுத்தாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கிணற்றுக்குள் ஒரே கயிற்றைப் பிடித்து இருவர் தொங்குவதாகக் கொள்வோம். இருவரும் கயிற்றையே பற்றியிருந்தால், அவரவர் கை அவரவர் எடையைத் தாங்கும். கீழிருப்பவர் கயிற்றை விட்டு, மேலிருப்பவரின் கால்களைப் பற்றிக்கொண்டால்? கயிறு சுமக்கும் எடை அதேதான். மேலிருப்பவரின் கைகளோ இருவரையும் சுமக்க வேண்டும். மேல் பாலத்து உத்திரத்தின் அடியிலிருந்த நட்டுக்கு நேர்ந்தது இதுதான். அதன் பளு இரு மடங்கானது.

அந்த உத்திரம், 'ப' வடிவ எஃகுச் சட்டங்கள் இரண்டை வாயோடு வாய் பொருத்திப் பற்றவைத்த ஒரு பெட்டி. தண்டுக்கான துளை அந்தப் பற்றவைப்பின் மீதே அமைந்திருந்தது. உத்திரத்தின் அடிப்புறம் பிளந்துகொள்ள, நட்டு அதை ஊடுருவி வெளியேறிவிட்டது.

அமெரிக்க அரசின் தேசியத் தர நிறுவனம் நடத்திய ஆய்வில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. முதல் வரைபடப்படி கட்டியிருந்தாலும் அந்த இணைப்பு, நகரக் கட்டட விதி கோரிய பளுவில் சுமார் 60 விழுக்காட்டைத்தான் தாங்கியிருக்கும். மாற்றம் அதையும் ஏறத்தாழப் பாதியாக்கியது.

ஒரு பாகம் முறியும் பளுவை, அது சுமக்கப்போகும் பளுவால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. விமானச் சட்டகத்துக்கு இது பொதுவாக 1.5, லிஃப்ட்டின் கம்பிவடத்துக்குப் பத்தை ஒட்டி இருக்கும். பறப்பதற்குக் குறைவாகவும் மாடி ஏறுவதற்கு அதிகமாகவுமா என்று வியக்கத் தோன்றும். விமானத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவும் காலமெல்லாம் எரிபொருள் கேட்கும். எனவே உலோகத்தைக் குறைத்து, சோதனைக்கும் பரிசோதனைக்கும் செலவிடுகிறார்கள். லிஃப்ட்டிலோ, தேய்ந்துகொண்டே இருக்கும் வடத்தைத் தடிமனாக்குவது மலிவு. பாதுகாப்புக்கு விலை உண்டு. அதைப் பொருளாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். கான்சாஸ் சிட்டியில் இரண்டுமே தரப்படவில்லை.

ஏனெனில், அந்த இணைப்புக்கான கணக்கை எவருமே போடவில்லை. அது எஃகு நிறுவனத்தின் வேலை என்று பொறியாளர்கள் எண்ணினர். பொறியாளர்கள் முடித்திருப்பார்கள் என்று எஃகு நிறுவனம் எண்ணியது. விரிவான வரைபட வேலையையும் வெளியாரிடம் ஒப்படைத்தது. திரும்பி வந்த வரைபடங்களில் பொறியாளரின் முத்திரை பதிந்தது.

வேலைப் பகுப்பின் பயனை விளக்க, ஆடம் ஸ்மித் 1776-இல் காட்டிய குண்டூசி ஆலையைத்தான் எல்லா வகுப்புகளிலும் எடுத்துக்காட்டுவோம். நானும் அவ்வாறே செய்தேன். பத்துப் பேர் பிரித்துக்கொண்டு செய்தால் நாளொன்றுக்கு 48,000 ஊசிகள். ஆனால், ஊசியின் கொண்டை சரியில்லையென்றால் இழப்பு அந்த ஊசியோடு போகும். கட்டடத்தில் ஒருவர் தம் வேலையை எளிதாக்கிக்கொள்ள, பளு இன்னொருவரின் பாகத்துக்கு நகர்கிறது. சேமிப்பு அவர் பேரேட்டில் உடனே தெரியும். நகர்ந்த பளு எவர் பேரேட்டிலும் வராது. துணை ஒப்பந்தம், அதற்கொரு துணை ஒப்பந்தம் என்று பணிகள் நடக்கும் நம் நாட்டிலும், ஒப்புதல் முத்திரையைச் சடங்காகவே கருதப் பழகியிருக்கிறோம். வடிவமைப்பில் எந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்டாலும், விசை இப்போது எவ்வழியே செல்கிறது என்னும் புதிய கணக்கு, போட்டவரின் பெயரோடு இணைக்கப்பட்டாக வேண்டும். இதற்காகும் செலவு ஒரு பொறியாளரின் சில மணி நேரம்.

பொறுப்பிலிருந்த இரு பொறியாளர்களின் மிசௌரி மாநில உரிமம் பறிக்கப்பட்டது. ஹோட்டலின் முன்கூடம் சீரமைக்கப்பட்டபோது தொங்கும் பாலங்கள் இடம்பெறவில்லை. இரண்டாம் தளத்தில் ஒரே ஒரு பாலம் அமைக்கப்பட்டது. தரையிலிருந்து எழுப்பிய தூண்கள் அதைத் தாங்கின.