கரையாத மருந்தைச் சுமக்கும் சர்க்கரை வளையம்

பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடத்தில், "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று கற்பிக்கிறோம். அப்படியானால் நீரில் கரையாத மருந்துகள் உடலில் எப்படி வேலை செய்கின்றன? மாணவர்கள் கேட்கக்கூடிய இக்கேள்விக்கு நம் ஆய்வக அயோடினைக் கொண்டே விடை சொல்லலாம்.

விழுங்கிய மருந்து கரைந்தால்தான் குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரும். கரையாத பகுதி பயனின்றி வெளியேறிவிடும். சிரை வழியே ஏற்றும் கரைசலில் மருந்து கரையாமல் துகளாக நின்றால் ஆபத்து.

இதற்கு ஒரு தீர்வு அணைவு உருவாக்கம். அயோடின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் ட்ரைஅயோடைடு அயனி உருவாகி, எளிதில் கரைந்துவிடும். ஆய்வகத்தில் நாம் வைத்திருக்கும் பழுப்பு நிறக் கரைசல் இதுவே.

மருந்துகளுக்கு இவ்வாறு உதவுவது சைக்ளோடெக்ஸ்ட்ரின். 1891இல் பிரெஞ்சு வேதியியலர் வில்லியர்ஸ் ஸ்டார்ச்சிலிருந்து இதைப் பிரித்தார். ஆல்ஃபா, பீட்டா, காமா வகைகளில் முறையே 6, 7, 8 குளுக்கோஸ் அலகுகள் வளையமாக இணைந்துள்ளன. அடியில்லாத வாளி போன்ற வடிவம். வெளிப்புறம் நீரை விரும்பும். உட்குழிவு அவ்வளவாக விரும்பாது. மருந்து மூலக்கூறின் நீர் வெறுக்கும் பகுதி உள்ளே பொருந்திக்கொள்ள, வளையம் அதை நீருக்குள் சுமந்து செல்கிறது.

இங்கே மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. மருந்துக்கும் வளையத்துக்கும் இடையே சகப்பிணைப்பு உருவாவதில்லை. மருந்து வேறு சேர்மமாக மாறுவதுமில்லை. இது மீள் சமநிலை. இரத்தத்தில் கலந்து நீர்த்ததும் மருந்து விடுபடுகிறது.

கொரோனா காலத்தில் பலரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 100 மில்லிகிராம் மருந்துள்ள தூள் குப்பியில், மாற்றியமைக்கப்பட்ட பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 3 கிராம் உண்டு. அதாவது மருந்தைப் போல் 30 மடங்கு! இந்த வளையம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களிடம் மருத்துவர்கள் தொடக்கத்தில் கவனமாக இருந்தனர். கரைக்க உதவும் பொருளுக்கும் அளவு முக்கியம்.

மீள்தன்மையை வகுப்பில் காட்ட ஓர் எளிய வழி உண்டு. நீர்த்த ஸ்டார்ச் கரைசலில் ஒரு துளி அயோடின் கரைசலை விடுங்கள். ஸ்டார்ச்சின் சுருள் அமைப்புக்குள் அயோடின் நுழைவதால் நீல நிறம் தோன்றும். சோதனைக் குழாயைச் சூடாக்கினால் நிறம் மறையும்; உடனே குளிர்வித்தால் மீண்டும் தோன்றும். "அயோடின் எங்கே போனது, எப்படித் திரும்பியது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த விடையிலிருந்து மருந்துக்குச் செல்வது எளிது.