ஆறாத காயங்கள் – 9: இலவச ஆஸ்பத்திரியும் கடன்பட்ட வீடும்

கனகராயன்குளத்திலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் மாங்குளம். தெற்கே புளியங்குளம், ஓமந்தை தாண்டினால் வவுனியா. முள்ளந்தண்டில் காயப்பட்ட முன்னாள் போராளி ஒருவருக்கு வைத்தியம் இந்த இரண்டு பக்கத்தில்தான். சக்கர நாற்காலியோடு பஸ் ஏற முடியாது. கிளினிக் நாளில் ஓட்டோ பிடித்தே ஆக வேண்டும்.

அரச ஆஸ்பத்திரியில் யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் மருந்து முடிந்திருந்தால், “வெளியில வாங்குங்கோ” என்று துண்டு எழுதித் தருவார்கள். கதீற்றர், சிறுநீர்ப் பை, படுக்கைப் புண்ணுக்குக் கட்டும் துணி எல்லாம் பார்மசிக் கணக்கில் ஏறும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடு முழுவதையும் வாட்டியது. அன்றாடம் கதீற்றர் தேவைப்பட்டவர்களின் வீடுகளில் அது கடனாக விழுந்தது.

அரச படையினருக்கு 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் நலன் பேணும் ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு. 2009இல் போர் முடிந்த பின் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்த ஏறத்தாழ 12,000 பேருக்கு அப்படியொரு வாசல் இல்லை. செல்துண்டு யாருடைய உடம்பில் இருந்தாலும் வலி ஒன்றுதான்.

திட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இந்தியாவில் முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் 2003இல் தொடங்கியது. தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை அரசு பிந்திக் கொடுக்கும்போது, அவர்களைச் சேர்க்க ஆஸ்பத்திரிகள் தயங்குகின்றன. அமெரிக்காவில், அலுவலகப் பிழையால் மாதக்கணக்கில் பிந்தி வரும் கட்டணத்தை வீரர் தலையில் கட்டக்கூடாது என்ற கோரிக்கை எழுந்திருக்கிறது. அந்தக் கோரிக்கையின் நியாயம் நமக்கும் பொருந்தும்: காகிதம் பிந்தினால், பிழையானால், அந்தச் செலவு அலுவலகத்தைச் சேர வேண்டும்.

இங்கே பிழை வேறு உருவத்தில் வருகிறது. 2023இல் ‘அஸ்வெசும’ நலன்புரிக் கொடுப்பனவின் பெயர்ப்பட்டியல் வெளியானபோது லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. பெயர் விடுபட்டவர்தான் அலைந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல மாற்றம். ஆனால் கனகராயன்குளத்துக்குரிய வவுனியா வடக்குச் செயலகம் நெடுங்கேணியில் இருக்கிறது. அதற்கும் ஓட்டோக் காசு வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நிரந்தர ஊனத்துக்கு ஒருமுறை தந்த வைத்தியச் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்ல வேண்டும். கொடுப்பனவை நிறுத்துமுன் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். விசாரணை முடியும்வரை பணம் நிற்கக்கூடாது. கதீற்றரும் சிறுநீர்ப் பையும் ஆஸ்பத்திரியில் தட்டுப்பாடானால், வெளியே வாங்கிய பற்றுச்சீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் பணம் திரும்ப வேண்டும். கிராம அலுவலரிடமே அந்தச் சீட்டைக் கொடுக்க வழி வேண்டும்.

நடக்க முடியாதவரை அலையவிட்டு மிச்சம் பிடிக்கும் காசு எந்த அரசுக்கும் வேண்டாம்.

அடுத்த வாரம்: முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக மாங்குளத்தில் இயங்கும் ‘உயிரிழை’ அமைப்பு.

(தொடரும்)