எட்டாம் இடத்தின் மூன்று பயிற்சியாளர்கள்

2020-21 சீசனுக்குச் சென்னையின் எஃப்.சி. அணி அழைத்து வந்த பயிற்சியாளர் ஹங்கேரியைச் சேர்ந்த சபா லாஸ்லோ. ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ், உகாண்டா, லித்துவேனியா என்று பல ஊர்த் தண்ணீர் குடித்தவர். இந்தியன் சூப்பர் லீகின் (ஐ.எஸ்.எல்.) பதினோரு அணிகளில் சென்னை எட்டாவதாக வந்தது. அடுத்த சீசனில் மாண்டினீக்ரோவின் போஸிடார் பண்டோவிச் வந்தார். தாய்லாந்தில் புரிராம் யுனைடெட் அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் என்று பெருமையாகச் சொன்னார்கள். கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் சீசன் முடியும் முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள். அணிக்கு அந்த ஆண்டும் எட்டாம் இடம்தான். அதற்கடுத்து ஜெர்மனியின் முன்னாள் தேசிய வீரர் தாமஸ் ப்ரடாரிச். மறுபடியும் எட்டு.

மூன்று நாட்டுக்காரர்கள், மூன்று விதமான ஆட்டமுறை, ஒரே இடம். இருந்தும் ஒவ்வொரு சீசன் முடிவிலும் ரசிகர்கள் வாதாடியது 'அடுத்து யார்?' என்பதைப் பற்றித்தான். அணி சரியும்போது பேச்சு ஏன் உடனே பயிற்சியாளரிடம் போய் நிற்கிறது?

காரணம் எளிது. சீசன் நடுவில் மாற்றக்கூடிய பெரிய ஆள் அவர் ஒருவர்தான். வீரர்களை நினைத்த நேரத்தில் வாங்கவோ விற்கவோ முடியாது. அதற்கென்று குறித்த காலம் உண்டு. இருபத்தைந்து பேரின் ஒப்பந்தத்தை ஒரே நாளில் கிழிக்க முடியாது. உரிமையாளர் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளப் போவதில்லை. மீதி இருப்பது கோட்டோரம் நின்று கத்தும் மனிதர். அவரை அனுப்பினால் ஏதோ செய்தோம் என்றாவது ஆகிறது. 'பரஸ்பர ஒப்புதலுடன் பிரிகிறோம்' என்று அறிக்கை வரும். அதன் பொருள் பெரும்பாலும், ஒப்பந்தத்தில் மீதியுள்ள மாதங்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இரு தரப்பும் பேசி முடித்துவிட்டார்கள் என்பதே. அந்தப் பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறியும். 2024 ஜூனில் தேசிய அணியின் இகோர் ஸ்டிமாச்சை நீக்கிய பிறகு, அவருக்கு 4 லட்சம் டாலர் கொடுத்துத்தான் கணக்கைத் தீர்க்க முடிந்தது.

சரி, மாற்றினால் பலன் உண்டா? சென்னையின் எஃப்.சி.யின் கதையே இதற்கு நல்ல பாடப்புத்தகம்.

2015 சீசனில் பாதிவழியில் சென்னை எட்டு அணிகளில் கடைசி இடத்தில் கிடந்தது. பயிற்சியாளர் மார்கோ மாத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவரை யாரும் நீக்கவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அணி அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மிதந்ததால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். டிசம்பர் 20-ல் ஃபதோர்டாவில் இறுதி ஆட்டம். கோவா 2-1 என்று முன்னிலை. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கையாலேயே பந்து வலைக்குள் போனது. தாமதத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவது கோல் அடித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. அந்த சீசனில் மெண்டோசா அடித்தவை மட்டும் 13 கோல்கள். மெண்டோசா இல்லாத 2016-ல் அதே மாத்தராஸியின் கீழ் அணி ஏழாவது.

அடுத்து இங்கிலாந்தின் ஜான் கிரகரி. 2018 மார்ச் 17-ல் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். மனிதர் அதே மனிதர். ஓராண்டில் மேதையாக இருந்தவர் மறு ஆண்டில் மூடராகிவிட்டார் என்று நம்புவதற்குக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும்.

பயிற்சியாளரை மாற்றியதால்தான் எல்லாம் நடந்தது என்று ரசிகர்கள் இன்றும் ஆதாரம் காட்டுவது 2019-20 சீசனை. கிரகரியின் கீழ் ஆறு ஆட்டங்களில் 5 புள்ளி. நவம்பர் முடிவில் அவர் விலகினார். டிசம்பரில் வந்த ஓவன் காயில், 2009-ல் பர்ன்லி அணியை இங்கிலாந்து பிரீமியர் லீகுக்கு ஏற்றிய ஸ்காட்லாந்துக்காரர். அவர் கையில் 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளி. அணி நான்காம் இடம் பிடித்து இறுதிப் போட்டி வரை போய், ஆளில்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. பெரிய திருப்பம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நுணுக்கிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கிரகரியின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அடுத்த இரண்டில் தலா இரண்டு கோல் விழுந்தன. அப்போதும் கோட்டோரம் நின்றவர் கிரகரிதான். அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ், பந்தை அளந்து கொடுத்த ரஃபேல் கிரிவெல்லாரோ எல்லாருமே காயில் வருமுன் அணியில் இருந்தவர்கள். அவர்களைப் பூட்டிலிருந்து திறந்துவிட்டது காயிலின் திறமை. ஆனால் பெட்டியில் பொருள் ஏற்கெனவே இருந்தது.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் உண்டு. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதல்தர லீகில் நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை எடுத்துப் பார்த்தார். நீக்கிய அணிகள் பிறகு மேம்பட்டது உண்மை. அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காமல் வைத்துக்கொண்ட அணிகளும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் மேம்பட்டிருந்தன. அதாவது, பள்ளத்தில் கிடக்கும் அணி எப்படியும் கொஞ்சம் ஏறும். ஏறும் நேரத்தில் அங்கே நிற்பவர் பெயர் வாங்கிக்கொள்கிறார். இதை முழு உண்மையாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. உடைமாற்றும் அறையில் வீரர்கள் ஒரு மனிதரை மதிப்பதை நிறுத்திவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. ஆனால் ஐந்து ஆட்டத் தோல்வியைக் கண்டு கையெழுத்துப் போட ஓடும் உரிமையாளர், நாற்காலியில் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆராய்ச்சி இது.

2020 கோடையில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். சென்னையில் லாஸ்லோவுக்கு மிஞ்சியது 20 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 சமநிலை. நடுவில் கிரிவெல்லாரோவும் காயம்பட்டு உட்கார்ந்தார். தோற்கவும் தெரியாமல் ஜெயிக்கவும் தெரியாமல் ஓர் அணி ஆடுகிறது என்றால் அங்கே இல்லாதது கோல் அடிப்பவர். அதைப் பயிற்சியாளரின் குணக்கேடாகப் பேசி மூன்று சீசன் கழித்தோம். காயில் ஜாம்ஷெட்பூருக்கு 2021-22-ல் லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, 2023-ல் சென்னைக்கே திரும்பினார். ஆறாவது இடம், ஒரு பிளே-ஆஃப் தோல்வி, பிறகு 2024-25-ல் 13 அணிகளில் 11-வது. பழைய மாப்பிள்ளைக்குப் பழைய விருந்து கிடைக்கவில்லை.

 வீரர்கள் மாறினால்தான் அணி மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கால்பந்தில் இன்னும் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. 2017-18 ஐ-லீகில் பத்து அணிகளில் சென்னை சிட்டி எஃப்.சி.யின் இடமும் எட்டுதான். அடுத்த சீசனுக்குச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். 2019 மார்ச் 9-ல் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று அந்த அணி இந்தியாவின் சாம்பியன் ஆனது. புதிய பயிற்சியாளரால் வந்த அதிசயமா? ஒரு பங்கு ஆம். அவருடன் சேர்ந்து ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. அதில் பெத்ரோ மான்ஸி மட்டும் 21 கோல் அடித்தார். 2020 தொடக்கத்தில் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். அதன் பிறகு சாம்பியன் என்ற பெயர் மட்டும் அணியுடன் நின்றது.

ஆகவே அடுத்த பயிற்சியாளர் யார் என்று கேட்பதற்கு முன்னால், வீரர்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நம் கிளப்புகள் பல நேரங்களில் தலைகீழாகச் செய்கின்றன. லீக் வழக்கமாக செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் தொடங்கும். பயிற்சியாளர் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வந்து இறங்குவார். அதற்குள் பாதி அணி ஏஜெண்டுகள் மூலம் முடிவாகியிருக்கும். சமையற்காரரை அழைப்பதற்கு முன்பே சந்தைக்குப் போய்வந்த வீடு மாதிரி. உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு மீன்குழம்பு கேட்பார்கள்.

இனி, வெளிநாட்டவரா இந்தியரா என்ற பழைய சண்டை. இதில் காற்று மெல்லத் திசை மாறியிருக்கிறது. 2021-22 முதல் ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களே களத்தில் நிற்கலாம். மீதி ஏழு பேர் இந்தியர். அந்த ஏழு பேரை இளம் வயதிலிருந்து அறிந்தவருக்கு மதிப்பு கூடுவது இயல்பு. காலித் ஜமீல் 2017-ல் மிசோரத்தின் ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கினார். முந்தைய சீசனில் தரமிறங்கி, கோவா கிளப்புகள் விலகியதால் மட்டுமே மீண்டும் இடம் கிடைத்த அணி அது. 2020-21-ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை நடுவழியில் ஏற்று பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். அதைச் செய்த முதல் இந்தியர்.

2025-ல் தேசிய அணிக்கு ஆள் தேடியபோது வந்த விண்ணப்பங்கள் 170. ஸ்பெயினின் ஷாவி, பெப் கார்டியோலா பெயர்களில்கூட மின்னஞ்சல் வந்தது. அவை உண்மையானவை அல்ல என்று கூட்டமைப்பே பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. (அதுவரை அந்தச் செய்தியை நம்பி மகிழ்ந்தவர்களை நான் கேலி செய்யமாட்டேன், நம்பிக்கைதானே ரசிகன்.) கடைசிச் சுற்றில் ஜமீல், முன்பே இரண்டு முறை அந்தப் பதவியில் இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டீபான் தார்கோவிச் ஆகிய மூவர். ஆகஸ்ட் 1-ல் ஜமீலைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மாதமே மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில் ஓமனை பெனால்டியில் வீழ்த்தி இந்தியா மூன்றாம் இடம். ஊரே கொண்டாடியது. அக்டோபர் 14-ல் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. நவம்பரில் வங்கதேசத்திடமும் தோல்வி. சில வாரங்களில் அதே மனிதர் பற்றிய பேச்சு தலைகீழானது. தேசிய அணியிலும் கோல் அடிக்க ஆள் இல்லை. சுனில் சேத்ரி ஓய்வை உடைத்துத் திரும்ப வேண்டிய நிலை ஜமீல் வருமுன்பே வந்துவிட்டது.

சென்னையின் எஃப்.சி.யும் 2025-ல் இந்தியர் பக்கம் திரும்பியது. முன்பு பண்டோவிச் போனபோது, இந்தியன் வங்கி அணியின் பழைய முன்கள வீரர் சையத் சபீர் பாஷா மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. முழுநேரப் பொறுப்பு முதல்முறையாக ஓர் இந்தியருக்குக் கிடைத்தது கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தபோதுதான். 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஒடிசா அணிக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அதுவும் இடைக்காலப் பயிற்சியாளராக இருந்துகொண்டு. அந்த ஒடிசா அணியில் இறக்கையோரம் ஓடியவர்களில் ஒருவர் சென்னை வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர். வியாசர்பாடிப் பையனைச் சென்னையின் எஃப்.சி. சட்டையில் பார்க்காமல் புவனேஸ்வரிலும் கொல்கத்தாவிலும் பார்த்துக் கைதட்டினோம் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

வியாசர்பாடிக்கே இந்தக் கதி என்றால், கரியாலூருக்கு? கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கீழே விட்டு மலையேறினால் வரும் ஊர். கல்வராயன் மலையில் சமதளமாக ஒரு கால்பந்து மைதானம் கிடைப்பதே பாடு. சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று போனில் ஆட்டம் பார்க்கும் பையனுக்கும் பயிற்சியாளர் பற்றிக் கருத்து உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தலைமைப் பயிற்சியாளரும் இந்த மலையேறி வரப்போவதில்லை. வரவேண்டியவர் ஆள் தேடும் வேலை பார்ப்பவர். மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பந்தும், 'டி' உரிமம் பெற்ற ஒரு விளையாட்டு ஆசிரியரும் இருந்தால் அவர் தேடுவது எளிதாகும். 'டி', 'சி', 'பி', 'ஏ', அதற்கு மேல் 'புரோ' என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏணி நீளும்; ஐ.எஸ்.எல். தலைமைப் பயிற்சியாளருக்கு உச்சிப்படியான 'புரோ' வேண்டும். பக்கத்துக் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணிக்குப் போனார். கடலூரில் பெண்களுக்குப் பல ஆண்டுகளாக ஒழுங்காகப் பயிற்சி நடந்ததன் விளைவு அது. பெரிய பெயர் எதையும் விமானத்தில் வரவழைக்கவில்லை.

மிராண்டாவுக்கு வாய்த்த நேரமும் நல்ல நேரமில்லை. லீகின் வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாததால், செப்டம்பரில் தொடங்க வேண்டிய சீசன் அப்போது தொடங்கவில்லை. சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்திவைத்தன. அக்டோபர் சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. அந்தத் தோல்விகளை வைத்து அவரைத் தூக்கு, இன்னாரைக் கொண்டுவா என்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருகிற இன்னாருக்கு ஒன்பதாம் எண் சட்டையை யாருக்குப் போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள்?