எம்.எஸ்சி.க்குப் பின், பிஎச்.டி.க்கு முன்

பகலில் டியூஷன், இரவில் குவாண்டம்: இயற்பியல் பட்டதாரிகளின் காத்திருப்புக் காலம்

தில்லி ஐ.ஐ.டி.யை ஒட்டியுள்ள ஜியா சராயின் சந்துகளில் ஜெராக்ஸ் கடைகள்தான் நூலகம். ஸ்பைரல் பைண்டிங் செய்த குவாண்டம் இயங்கியல் குறிப்புகள் கத்தரிக்காய் மாதிரி குவித்து விற்கப்படுகின்றன. வாங்குகிறவர்களில் பலர் எம்.எஸ்சி. முடித்தவர்கள், பிஎச்.டி. இன்னும் ஆரம்பிக்காதவர்கள். மாணவர் அடையாள அட்டை காலாவதியாகிவிட்டது. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை இன்னும் பார்த்ததில்லை.

இந்த இடைவெளி காலண்டரின் உபயம். கேட், ஜெஸ்ட் தேர்வுகள் வருட ஆரம்பத்தில். கோடையில் நேர்முகத் தேர்வு. தேறினால் ஆகஸ்ட் வாக்கில் சேரலாம். தவறினால் மறுபடி அடுத்த வருடம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை உண்டு – தேதி தள்ளாமல் இருந்தால். 2024 ஜூன் 25-ல் தொடங்க வேண்டிய தேர்வு நான்கு நாள் முன்பு ஒத்திவைக்கப்பட்டு ஜூலை 25-ல்தான் நடந்தது. அறை வாடகை கட்டுகிறவருக்கு ஒரு மாதம் சின்ன விஷயமல்ல.

அதுவரை வயிற்றுப்பாடு? பெரும்பாலும் கைகொடுப்பவை கோச்சிங் மையங்கள். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் இயற்பியல் உண்டு என்பதால் சந்தேகம் தீர்க்க, வினாத்தாள் தயாரிக்க, விடைகளை விளக்கி எழுத ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பி.எட். இல்லாதவருக்கு அரசுப் பள்ளியின் கதவு லேசில் திறக்காது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சாய்தளத்தில் வழுக்கும் கட்டையை நாள் முழுக்க விளக்கிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குச் சொந்தப் புத்தகத்தைத் திறப்பது சுலபமல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பேச்சு வன்மையுள்ள ஆசிரியருக்கு கோச்சிங் அதைவிட அதிகம் தரக்கூடும். ஒரு வருடம் என்று போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவது இப்படித்தான்.

இன்னொரு வழி, பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களில் தற்காலிக வேலை. இதற்கான விளம்பரங்கள் நிறுவனங்களின் அறிவிப்புப் பக்கங்களில் ஒரு மூலையில் கிடக்கும். நேர்முகத் தேர்வுக்குப் பெரும்பாலும் பயணப்படி கிடையாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆனாலும் வெற்றிடக் கருவியைக் கழற்றி மாட்டிப் பழகலாம், புதிதாக ஒரு பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். சம்பளத்தைவிட அந்தக் கடிதத்துக்குத்தான் மதிப்பு.

நிரந்தர வேலை போதும் என்பவர்களுக்கு டிராம்பேயில் 1957-ல் தொடங்கிய அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஒரு வருடம் உதவித்தொகையுடன் பயிற்சி, தேறினால் விஞ்ஞானி வேலை. போட்டி கடுமை.

வேலையையும் ஆராய்ச்சியையும் சேர்த்து இழுப்பது புதிதல்ல. சர் சி.வி. ராமன் 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்து, அலுவலக நேரம் போக பௌபஜார் தெருவின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-ல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். அவருக்கு ஆய்வுக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்வி ஒன்று: “இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?” டியூஷன் எடுத்தேன் என்று சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு. கூச வேண்டியதில்லை. அடுத்த கேள்வி பெரும்பாலும் அடிப்படை இயங்கியலில்தான் வரும். சாய்தளக் கட்டையை நூறு தடவை விளக்கியவர் அதில் லேசில் வழுக்குவதில்லை.