மலிவான பயணமும் மலிவாகாத தொலைபேசித் தொடர்பும்

பாக்கு நீரிணையைக் கடந்து செல்லும் பயணம் எம்மவர்க்குப் புதியதன்று. 1914ஆம் ஆண்டு தொடக்கம், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழிக்கும் வரையில், தலைமன்னாரில் புகையிரதத்தால் இறங்கிக் கப்பலேறி, மறுகரையில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னை சென்றவர்கள் அநேகர். அவர்களின் சட்டைப்பையில் இருந்தவை ஒரு பயணச்சீட்டும், உறவினரின் விலாசம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியுமே. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே கப்பல் சேவை ஆரம்பமானதும் அந்தப் பழைய உறவுக்கு மீண்டும் வழி திறந்தன. ஆயினும் இன்றைய பயணி மறுகரையில் கால் வைத்ததும் முதலில் பார்ப்பது தமது பொதியையல்ல, கையடக்கத் தொலைபேசியின் மூலையில் சமிக்ஞை தெரிகின்றதா என்பதையே.

இதற்குக் காரணம் வெறும் பழக்கதோஷமன்று. கடனில் மூழ்கியிருந்த எயார் ஏசியா நிறுவனத்தை டொனி பெர்னாண்டஸ் 2001ஆம் ஆண்டில் ஒரு ரிங்கிட் என்ற பெயரளவு விலைக்கு வாங்கிய பின்னர், குறைந்த கட்டண விமானப் பயணம் ஆசியாவில் வேகமாகப் பரவியது. உணவும் பொதியும் கட்டணத்திலிருந்து பிரிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கனமும் உண்டு. முகவர் செய்த வேலையும் கரும பீடத்தில் இருந்த ஊழியர் செய்த வேலையும் பயணியின் தலையில் ஏற்றப்பட்டன. ஆசனப் பதிவை அவரே இணையவழியில் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாது விமான நிலையத்துக்கு வருவோரிடம் சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் அறவிடுகின்றன.

அரசாங்கங்களும் இதே வழியிலேயே செல்கின்றன. சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றைத் தொடர்ந்து தாய்லாந்தும் 2025 மே முதலாந் திகதியிலிருந்து வருகைப் படிவத்தை இணையவழிக்கு மாற்றிவிட்டது. மூன்று நாடுகளிலும் வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் படிவத்தை நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் சில நாட்கள் தங்கி, கோலாலம்பூரில் சில நாட்கள் கழித்து, ஹட்ஜாய்க்குப் பேருந்து ஏறுபவர் தமது படிவங்களைக் கொழும்பிலேயே முடித்துக்கொண்டு புறப்பட முடியாது. வழிநெடுக அவருக்கு இணைய இணைப்புத் தேவை. மதீனாவில் ரவ்ழா ஷரீபில் தொழுவதற்கான அனுமதியும் நுசுக் என்ற செயலி வழியாகவே முற்பதிவு செய்யப்படுகின்றது. குழுவைச் சாராது உம்றாவுக்குச் செல்லும் முதியவருக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே, தொடர்பு என்பது பயணச் செலவின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் அதன் விலை விமானக் கட்டணத்தைப் போன்று இறங்கவில்லை. ரோமிங் எனப்படும் முறை இயங்கும் விதத்தை அறிந்தால் அதன் காரணம் புலப்படும். நாம் வெளிநாட்டில் எமது சிம் அட்டையைப் பாவிக்கும்போது, அங்குள்ள வலையமைப்பு அந்தப் பாவனையைக் கணக்கிட்டு, எமது நாட்டு நிறுவனத்திடம் மொத்த விலையில் பணம் கோருகின்றது. எமது நிறுவனம் தனது பங்கையும் சேர்த்து எம்மிடம் அறவிடுகின்றது. அந்நிய வலையமைப்புக்கு நாம் வாடிக்கையாளர் அல்லர். ஆகவே எமக்காக விலையைக் குறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் அதற்கில்லை. 2016 செப்டெம்பரில் ஜியோ சந்தைக்கு வந்த பின்னர் இந்தியாவில் தரவுக் கட்டணம் வீழ்ந்தது. அதே கோபுரத்தின் கீழ் நின்று இலங்கைச் சிம் அட்டையைப் பாவிப்பவரோ, விசேட பொதி எதுவும் பெறாவிடின், அதைப்போலப் பன்மடங்கு செலுத்துகின்றார். அதிலும் அவர் அறிந்து பாவிப்பது சொற்பமே. புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதையும் செயலிகளைப் புதுப்பிப்பதையும் தொலைபேசி அவரைக் கேளாமலே செய்துகொண்டிருக்கும்.

உள்ளூர்ச் சிம் அட்டை வாங்குவதே பலர் கூறும் பரிகாரம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி அதனைப் பெற்றுவிடலாம். இந்தியாவில் வெளிநாட்டவரின் கடவுச்சீட்டும் விசாவும் சரிபார்க்கப்பட்டு இணைப்பு உயிர்பெறச் சில மணித்தியாலங்கள், சிலவேளை ஒரு நாளும் கடந்துவிடும். அதுவரையில் புகையிரத நிலையத்து இலவச வைஃபை கைகொடுக்கும் என்று நம்பினால், அதுவும் கையடக்கத் தொலைபேசி இலக்கத்துக்கு இரகசிய எண்ணை அனுப்பிய பின்னரே திறக்கும்.

அண்மைக் காலத்தில் பரவிவரும் இ-சிம் முறையில், புறப்படுவதற்கு முன்னரே வீட்டிலிருந்தவாறு வெளிநாட்டு இணைப்பை வாங்கித் தொலைபேசியில் பதிந்துகொள்ளலாம். இது வசதியானதே. ஆனால் எமது மக்களில் பெரும்பாலானோர் பாவிக்கும் விலை குறைந்த தொலைபேசிகள் பல இதனை ஏற்பதில்லை. மேலும், இவற்றுள் அநேகமானவை தரவுக்கு மட்டுமே உரியவை. தொலைபேசி இலக்கம் கிடையாது.

இங்குதான் பலர் இடறுகின்றனர். வங்கி அட்டையால் இணையவழியில் பணம் செலுத்தும்போது, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எனும் ஒருமுறை இரகசிய எண் இலங்கை இலக்கத்துக்கே வரும். அந்தச் சிம் அட்டையைக் கழற்றிப் பணப்பைக்குள் வைத்துவிட்டவர், வங்கியில் பணமிருந்தும் விடுதிக்கோ புகையிரதத்துக்கோ பணம் செலுத்த வகையின்றி நிற்பார். இரு சிம் அட்டைகள் இடக்கூடிய தொலைபேசியில் இலங்கைச் சிம் அட்டையை அகற்றாது வைத்து, அதன் தரவு ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுவதே பாதுகாப்பானது. ரோமிங் சேவையைப் புறப்படுமுன் இங்கேயே செயற்படுத்திக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணமுண்டா என்பதையும் கேட்டறிவது நன்று. வட்ஸ்அப் இலக்கத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. விசா, பயணச்சீட்டு, விடுதி விலாசம் ஆகியவற்றின் பிரதியைக் கடதாசியிலும் வைத்திருப்போர், மின்கலம் தீர்ந்தாலும் தவிக்கமாட்டார்கள்.

எனினும் இவை தனிமனிதர் செய்துகொள்ளும் சமாளிப்புகளே. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் உச்சவரம்பு விதிக்கத் தொடங்கி, 2017 ஜூன் 15ஆம் திகதி தனது நாடுகளுக்கிடையிலான மேலதிக ரோமிங் கட்டணத்தை நீக்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011இல் தம்மிடையே கட்டணக் குறைப்புக்கு உடன்பட்டன. வளைகுடா ஒத்துழைப்புச் சபை நாடுகளும் 2016இல் வரம்பு விதித்தன. துபாயில் தொழில்புரிந்து, அந்நாட்டுச் சிம் அட்டையுடன் மக்கா செல்லும் எமது இளைஞர் அதனால் பயனடைகின்றார். கொழும்பிலிருந்து திருச்சி செல்லும் அவரது தாயாருக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவுமில்லை.

இது தொழில்நுட்பத்தால் இயலாத காரியமன்று. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூ.பி.ஐ. முறை இலங்கையில் அறிமுகமாகி, இங்கு வரும் இந்தியப் பயணி தொலைபேசியினாலேயே கடைகளுக்குப் பணம் செலுத்த வழி செய்யப்பட்டது. பணம் கடல் கடக்க ஒப்பந்தம் செய்ய முடிந்த இரு அரசுகளுக்குத் தொலைபேசி அழைப்பு கடல் கடக்க ஒப்பந்தம் செய்ய முடியாதா? சார்க் அமைப்பின் உச்சிமாநாடு 2014இல் காத்மண்டுவில் நடைபெற்றதன் பின்னர் கூடவேயில்லை. இலங்கையின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இந்தியாவின் அதிகாரசபையும் ஒரு மேசையில் அமர்ந்து பேச, அப்படியொரு மாநாடு கூடும் வரையில் காத்திருக்க வேண்டியதுமில்லை.